தோட்டத்துக்குப் போய்வந்த குழந்தையின் காலில் உண்ணி: மாத்திரை வேண்டுமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். சென்னையிலிருந்து கோவைக்குக் குடிவந்திருக்கிறீர்கள். பொங்கல் விடுமுறைக்கு மனைவியின் ஊரான மூலனூர்ப் பக்கம் தோட்டத்துக்குப் போனீர்கள். ஏழு வயது மகள் கொறங்காட்டுக்குள், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்துக்குள், ஆட்டுக்குட்டிகளோடு ஓடி விளையாடினாள். மறுநாள் குளிப்பாட்டும்போது முழங்கால் மடிப்பில் ஒரு உண்ணி கடித்துக்கொண்டிருந்தது. குழந்தையின் அம்மாயி (அம்மாவின் அம்மா) சீமெண்ணெய் தொட்டு வைத்து, அப்புறம் நகத்தால் கிள்ளி எடுத்து, அதே நகத்தால் நசுக்கியும் போட்டுவிட்டார். இணையத்தில் தேடினால் உண்ணி கடித்து வருகிற லைம் நோய், அதைத் தடுக்க 72 மணி நேரத்துக்குள் டாக்ஸிசைக்ளின் என்கிற ஆன்டிபயாட்டிக் என்றெல்லாம் வருகிறது. செய்தித்தாளில் உண்ணிக் காய்ச்சல் என்று வருகிறது. இப்போது ஐந்து நாள் ஆகிவிட்டது, காய்ச்சல் எதுவும் இல்லை, மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். போகிற போக்கில், அடுத்த மாதம் வெள்ளிங்கிரி மலை ஏறப்போவதாகவும், பிறகு தாளவாடிப் பக்கம் காட்டோரம் தங்கப்போவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். மாத்திரையைப் பற்றிக் கேட்டிருந்தாலும், இனிமேல் பிள்ளையைத் தோட்டம் காடு என்று கூட்டிப்போகலாமா என்பதுதான் உள்ளே இருக்கிற கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் கால்நடை மருத்துவர். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரத்தில் பல வருடம் வேலை பார்த்தவன். உண்ணியைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். மனிதனுக்கு வருகிற காய்ச்சலைப் பற்றிச் சொல்வதை, விஷயம் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். மருந்தின் அளவை முடிவு செய்ய வேண்டியது குழந்தையைப் பார்க்கிற டாக்டர்.

நேரடியான பதில்: காய்ச்சல் இல்லாத குழந்தைக்கு, நம்ம ஊர்த் தோட்டத்தில் ஒரு உண்ணி கடித்தது என்பதற்காக டாக்ஸிசைக்ளின் கொடுக்க வேண்டியதில்லை. அந்த 72 மணி நேரக் கணக்கு அமெரிக்காவில் லைம் நோய் பரவியிருக்கிற பகுதிகளுக்கு எழுதப்பட்டது. அங்கேயும் எந்த உண்ணி கடித்தாலும் மாத்திரை என்று கிடையாது. ஒரு குறிப்பிட்ட இன உண்ணி, அதுவும் 36 மணி நேரமாவது ஒட்டியிருந்து ரத்தம் குடித்திருந்தால்தான் அந்தப் பேச்சே. அந்த இனம் நம்ம கொங்குச் சமவெளியில் இல்லை. இந்தியாவில் லைம் நோய் இல்லவே இல்லை என்று ஒரேயடியாகச் சொல்லமாட்டேன். மலைக்காட்டு ஓரங்களிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செய்திகள் உண்டு, அவற்றில் எவ்வளவு உறுதி என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. மூலனூர்க் கொறங்காட்டில் கடித்ததற்கு அந்தப் பயம் தேவையில்லை. அதை விட்டுவிட்டு வேறொன்றைக் கவனிக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உண்ணி எப்படி ஏறுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், பாதி பயம் அதிலேயே போய்விடும். உண்ணி பறக்காது, குதிக்காது, மரத்திலிருந்து தலையில் விழாது. நன்றாக ரத்தம் குடித்த பெண் உண்ணி ஆமணக்குக் கொட்டை மாதிரி உப்பி, மாட்டிலிருந்து தானாகக் கீழே விழும். மண் வெடிப்பிலோ, சாணக்குப்பைக்கு அடியிலோ, மாடு கட்டுகிற கட்டுத்தரைச் சுவரின் சந்திலோ போய் ஒதுங்கி 2,000, 3,000 முட்டை இட்டுவிட்டுச் செத்துப்போகும். பொரித்து வரும் குஞ்சுக்கு ஆறே கால்தான், வளர்ந்த பிறகு எட்டு. இந்தக் குஞ்சுகள் கூட்டமாகப் புல்லின் நுனிக்கு ஏறும். கொறங்காட்டுக் கொழுக்கட்டைப் புல்லில் வெயில் ஏறுவதற்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தால், நுனியில் பழுப்பு நிறத்தில் ஒரு சின்னத் திட்டு தெரியும். பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் மெதுவாக மூச்சு விடுங்கள். அசையாமல் இருந்த திட்டு முழுவதும் உயிர் பெற்று, ஒவ்வொன்றும் முன்னங்காலை நீட்டி ஆட்ட ஆரம்பிக்கும். முன்னங்காலில்தான் அதற்கு மோப்பம். நாம் விடுகிற மூச்சும், உடம்புச் சூடும், நடை அதிர்வும் அதற்குத் தெரிந்துவிடும். உரசிக்கொண்டு போகிற காலையோ, வாலையோ, வேட்டி நுனியையோ பிடித்துக்கொண்டால் போதும், அங்கிருந்து மேலே ஏறும். ஆகவே அது நம் மேல் ஏறுகிற இடம் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான். கடிக்கிற இடம் எங்கே வேண்டுமானாலும் இருக்கும், ஏனென்றால் மெல்லிய தோலும் மடிப்பும் உள்ள இடம் தேடி நடந்துபோகும். இரை கிடைக்காவிட்டாலும் மாதக்கணக்கில் காத்திருக்கும். ஒரு வாரம் ஆடு மேய்க்காமல் விட்டுவிட்டேன், உண்ணி செத்திருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எல்லா உண்ணியும் ஒன்றில்லை. நம்ம மாடுகளில் அதிகம் பார்க்கிற மாட்டு உண்ணி, குஞ்சிலிருந்து பெரிசாகும்வரை ஒரே மாட்டின் மேல் சுமார் மூன்று வாரத்தில் வாழ்க்கையை முடித்துக்கொள்ளும். மனிதனைக் கடிப்பது அபூர்வம். ஆட்டிலும் மாட்டிலும் இருக்கிற இன்னொரு வகைக்குக் கால்கள் நீளம், காலில் வெள்ளை வளையம் போட்டிருக்கும். அது தரையில் விறுவிறுவென்று ஓடிவந்தே ஏறும், ஆளையும் கடிக்கும். மூன்றாவது நாய் உண்ணி, இது வீட்டுச் சுவர்மேலேயே ஏறித் திரியும். உங்கள் மகளைக் கடித்தது எது என்று, நசுக்கிப்போட்ட பிறகு யாரும் சொல்ல முடியாது. அடுத்த முறை எடுத்தால் ஒரு சின்ன பாட்டிலில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டு, தேதியும் இடமும் எழுதி ஒட்டி வையுங்கள். கால்நடை மருத்துவமனையில் காட்டினால் வகையைச் சொல்லிவிடுவார்கள்.

இப்போது எடுக்கிற விதம். உண்ணியின் வாயில் பின்னோக்கி வளைந்த முள் வரிசை உண்டு. போதாததற்கு, பல வகை உண்ணிகள் எச்சிலோடு ஒரு பசையையும் விட்டுத் தோலோடு ஒட்டவைத்துக்கொள்ளும். எச்சிலில் மரத்துப்போகச் செய்கிற பொருளும் இருப்பதால்தான் கடித்தது தெரிவதில்லை. இதற்கு வேண்டிய கருவி நம்ம ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. ஆடு மேய்க்கிறவர்கள் அரைஞாணில் தொங்கவிட்டிருக்கிற முள்வாங்கியைச் சொல்கிறேன். நுனி கூராகச் சேர்கிற முள்வாங்கி எதுவானாலும் சரி. உண்ணியின் வயிற்றைப் பிடிக்காமல், தோலை ஒட்டினாற்போல் வாய்ப்பகுதியைப் பிடியுங்கள். நேராக மேலே, ஒரே சீரான விசையில் இழுங்கள். வெடுக்கென்று பிடுங்கக் கூடாது, திருகவும் வேண்டாம். தோல் கூடாரமாகத் தூக்கிக்கொண்டு வரும், அப்போது பதறி விட்டுவிடாமல் அப்படியே பிடித்திருங்கள். சில நொடியில் பசை விட்டு, உண்ணி காலை ஆட்டிக்கொண்டே முழுசாக வந்துவிடும். நுனியில் துளியூண்டு வெள்ளைத் தோல் சேர்ந்து வந்தால் சுத்தமாக வந்திருக்கிறது என்று பொருள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, ஏதாவது கிருமிநாசினி தடவினால் போதும்.

அம்மாயியைக் குறை சொல்ல வேண்டாம். “ஏனுங்க டாக்டரு, சீமெண்ணெய் வெச்சா தானா உழுந்துருமுங்களே” என்று என்னிடமே எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். சீமெண்ணெய், சுண்ணாம்பு, பீடி நெருப்பு, வேப்பெண்ணெய் என்று ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள். 1985-ல் அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். வாஸலின், நகப்பூச்சு, ஸ்பிரிட், சுட்ட தீக்குச்சி எதற்கும் உண்ணி பிடியை விடவில்லை. அந்தச் சோதனையில் சீமெண்ணெய் கிடையாது, உண்ணியும் அந்த ஊர் உண்ணி. ஆனால் உண்ணியின் வாய் அமைப்பைப் பார்த்தால் சீமெண்ணெய்க்கு மட்டும் அது விட்டுக்கொடுக்கும் என்று நினைக்கக் காரணம் இல்லை. இப்படித் தொந்தரவு செய்தால் உண்ணி வயிற்றில் உள்ளதைக் கடிவாய்க்குள்ளேயே கக்கும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். அது நடக்கக்கூடியதுதான், ஆனால் அதனால் எவ்வளவு பேருக்கு நோய் வந்தது என்று காட்டுகிற அளவுக்குச் சான்று இல்லை. நேரம் வீணாகும், குழந்தையின் தோல் வெந்துபோகும் என்பது மட்டும் உறுதி. அந்த இரண்டும் போதும், விட்டுவிட.

நசுக்கியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் தொழிலில் தினமும் கண்ட காட்சி இது, மாட்டிலிருந்து பிடுங்கிக் கல்லில் வைத்துக் கட்டைவிரலால் தேய்ப்பார்கள். உண்ணிக்குள் கிருமி இருந்தால், தெறிக்கிற ரத்தம் விரலில் உள்ள கீறல் வழியே உள்ளே போகலாம். 2011-ல் குஜராத்தில் தலைகாட்டிய கிரிமியன்-காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சல் அந்த வழியிலும் பரவக்கூடியது. உங்கள் மாமியாருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று சொல்லவில்லை, வாழ்நாள் முழுக்க நசுக்கிக்கொண்டே இருந்திருப்பார். சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போடுகிற வழக்கத்தைக் கொண்டுவந்தால் நல்லது.

கிள்ளி எடுத்ததில் தலை உள்ளே நின்றுவிட்டதோ என்றும் கேட்டிருந்தீர்கள். உள்ளே நிற்பது தலையல்ல, வாய் உறுப்பின் துணுக்கு. அது தனியாக நோய் பரப்பாது. ஒரு சிலாம்பு ஏறியிருந்தால் எப்படித் தானாக வெளியேறுமோ அப்படி வெளியேறிவிடும். ஊசி வைத்துக் குடைந்தால்தான் புண்ணாகும். கடித்த இடம் சிவந்து தடித்து ஒரு வாரம், சில நேரம் அதற்கு மேலும் அரிக்கும், அது எச்சிலுக்கான ஒவ்வாமை. சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலோ, சீழ் வைத்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். தடுப்பூசி அட்டையில் டெட்டனஸ் ஊசி விட்டுப்போயிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நீங்களாக எடுக்க முயற்சி செய்யாதீர்கள்: காதுக்குள். ஆடு மாட்டோடு இருக்கிற பிள்ளைகளுக்கு உண்ணி காதுக்குள் போய்ச் செவிப்பறையைக் கடித்துக்கொள்வதுண்டு. திடீரென்று காதைப் பிடித்துக்கொண்டு அழும். எண்ணெய் ஊற்றுவதும் கொண்டை ஊசி விடுவதும் விபரீதமாகும். நேராகக் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். கடித்த பக்கம் முகம் கோணிக்கொள்வது கூட அபூர்வமாக நடக்கும்.

சரி, கவனிக்க வேண்டியது என்று சொன்னேன் அல்லவா, அதற்கு வருகிறேன். செய்தித்தாளில் உண்ணிக் காய்ச்சல் என்று போடுவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ். அதைப் பரப்புவது நீங்கள் பார்த்த உண்ணி கிடையாது. அதன் தூரத்து உறவான ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு, கால் மில்லிமீட்டர் கூட இருக்காது, கண்ணில் படாது. எலி நடமாடுகிற புதர், வரப்பு, வேலியோரம், உயர்ந்த புல் இவைதான் அதற்கு இடம். கொறங்காட்டைச் சுற்றி இருக்கிற கிளுவை வேலியின் அடிப்பகுதியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே உங்கள் மகள் காலில் உண்ணி இருந்ததா இல்லையா என்பதற்கும் இந்தக் காய்ச்சலுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் அதே கொறங்காட்டில், அதே புல்லில் ஓடினாள் என்பதற்குத் தொடர்பு உண்டு. உண்ணியைக் கண்டு பயப்படுகிறவர்கள், உண்ணி இல்லாத பிள்ளைக்கு ஒன்றும் வராது என்று நினைத்து இதைத் தவற விடுகிறார்கள். தமிழ்நாட்டில் இது மழை தொடங்கியபின் ஆகஸ்ட், செப்டம்பரில் ஏற ஆரம்பித்து ஜனவரி, பிப்ரவரி வரை இருக்கிற நோய். நீங்கள் போனது அந்தக் காலத்துக்குள்தான்.

கடித்தபின் ஆறு நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வரலாம். கடுமையான தலைவலி, உடம்புவலி, சில நேரம் வாந்தி, இருமல். டெங்கு என்றோ டைஃபாய்டு என்றோ முதலில் நினைக்கத் தோன்றும். இதில் ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. கடித்த இடத்தில் ஒரு சின்னப் புண், நடுவில் கருப்புப் பொருக்கு, சுற்றிச் சிவப்பு. வலிக்காது, அரிக்காது. அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை. அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் ஜட்டி எலாஸ்டிக் படுகிற இடம், காதுக்குப் பின்னால், பிட்டம், பெண்களுக்கு மார்புக்கு அடியில் என்று மறைவான இடத்தில் இருக்கும். காய்ச்சல் வந்தால் துணியைக் களைந்து உச்சந்தலை முதல் பார்க்க வேண்டும். எல்லாருக்கும் இந்தப் பொருக்கு வருவதில்லை, ஆகையால் இல்லை என்பதை வைத்து நோய் இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது. உண்ணி பரப்புகிற இன்னொரு புள்ளிக் காய்ச்சலும் தமிழ்நாட்டில் உண்டு. அதில் காய்ச்சலோடு தடிப்புகள் வரும், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கூட வரும்.

இரண்டுக்கும் மருந்து அதே டாக்ஸிசைக்ளின்தான். ஸ்க்ரப் டைஃபஸுக்கு அசித்ரோமைசினும் கொடுப்பார்கள். நேரத்தில் ஆரம்பித்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். சின்னப் பிள்ளைக்கு டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பல் கறையாகும் என்ற பயம் பழையது. குறுகிய நாள் சிகிச்சைக்கு இப்போது அந்தத் தடையைக் குழந்தை மருத்துவர்கள் பெரிதாகப் பார்ப்பதில்லை. சிகிச்சை இல்லாமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று போய் உயிருக்கே ஆபத்தாகும். பென்சிலின் வகை மாத்திரைகள் இதற்குக் கேட்காது. கடையில் வாங்கிப்போட்ட ஆன்டிபயாட்டிக்கில் மூன்று நாள் கடத்துவதுதான் பெரும்பாலும் சிக்கலுக்கு வழி. ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். காலண்டரில் தோட்டத்திலிருந்து திரும்பிய நாளிலிருந்து மூன்று வாரம் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் காய்ச்சல் வந்தால் அன்றே டாக்டரிடம் போய், அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்: “இத்தனையாம் தேதி கொறங்காட்டில் விளையாடினாள், உண்ணியும் கடித்தது.” கோவையில் மாடிக்குடியிருப்பிலிருந்து வருகிற பிள்ளைக்கு இந்தக் காய்ச்சலை உடனே நினைத்துப்பார்க்க அவருக்கு வேறு துப்பு கிடையாது. மூன்று வாரம் ஒன்றும் இல்லாமல் கடந்தால் மறந்துவிடலாம்.

மலைக்காட்டுக்கு வருவோம், அங்கே கணக்கு வேறு. கர்நாடகத்தில் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் 1957-ல் குரங்குகள் கொத்தாகச் செத்தன, கூடவே மக்களுக்கும் காய்ச்சல் வந்தது. அந்த வைரஸ் நோயைத்தான் குரங்குக் காய்ச்சல் என்கிறார்கள். இப்போது பேசப்படுகிற குரங்கம்மை வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். ரொம்ப காலம் அந்த வட்டாரத்தோடு இருந்தது, 2012-13-ல் பந்திப்பூர்ப் பக்கம் வந்தது. நீலகிரியில் செத்த குரங்குகளிலும் வைரஸ் இருப்பது தெரிந்தது. வயநாட்டில் ஆட்களுக்கே வந்தது. பந்திப்பூர், முதுமலை, சத்தியமங்கலம் எல்லாம் ஒரே தொடர்ச்சியான காடு. தாளவாடி அதன் நடுவில் இருக்கிற மேட்டுநிலம், பக்கத்தில் சாம்ராஜ்நகர் மாவட்டம். இதைச் சொல்வதால் தாளவாடியில் நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அங்கே தோட்டம் வைத்துத் தினமும் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் இரண்டு நாள் தங்குவதற்குப் பயந்து நிறுத்த வேண்டியதில்லை. இந்த நோய் பரப்புகிற காட்டு உண்ணியின் நடுப்பருவக் குஞ்சுகள் நவம்பரிலிருந்து மே வரை, இலை உதிர்ந்து காடு காய்ந்திருக்கிற காலத்தில்தான் அதிகம். ஒரு மில்லிமீட்டர் அளவு, ஒரே நேரத்தில் நிறைய ஏறும். வெள்ளிங்கிரி ஏறுகிற பிப்ரவரி முதல் மே வரையான காலமும் அதுவே.

ஆகவே காட்டில் மூன்று விஷயம் மட்டும் கறாராக இருங்கள். காய்ந்த இலைச் சருகின் மேல் உட்காராதீர்கள், படுக்காதீர்கள். பாறையில் உட்காருங்கள், அல்லது தார்ப்பாய் விரியுங்கள். செத்த குரங்கைப் பார்த்தால் கிட்டே போகாமல், தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். குரங்கு சாகும்போது அதிலிருந்த உண்ணிகள் அந்த இடத்திலேயே இறங்கி நிற்கும். திரும்பியபின் ஒரு வாரம் பத்து நாளுக்குள் திடீரென்று கடும் காய்ச்சலும் தலைவலியும் வந்தால் எந்தக் காட்டுக்குப் போனீர்கள் என்று சொல்லிக் காட்டுங்கள். இதற்கு வைரஸைக் கொல்லும் தனி மருந்து கிடையாது, ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை.

உடை விஷயத்தில் அதிகம் எழுதத் தேவையில்லை. வெளிர் நிறத்தில் முழுக்கால் பேன்ட், அதன் நுனி சாக்ஸுக்குள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் ஏறுகிற உண்ணி துணியின் வெளிப்பக்கமே ஏறும், வெள்ளைத் துணியில் கண்ணில்படும், தட்டிவிடலாம். தடத்தின் நடுவில் நடந்தால் பாதி உண்ணியைத் தவிர்க்கலாம். பூச்சி விரட்டிகளில் டீட் என்ற மருந்து 20 முதல் 30 சதவீதம் இருப்பவை உண்ணிக்கும் வேலை செய்கின்றன. கொசுவுக்கென்று விற்கிற களிம்புகளில் எல்லாம் அது இருப்பதில்லை, அட்டையைப் படித்து வாங்குங்கள். கர்நாடகத்தில் காட்டுக்குள் போகிறவர்களுக்கு டெபா எண்ணெய் என்று அரசே கொடுக்கிறது. வேப்பெண்ணெய் கொஞ்ச நேரம்தான் தாங்கும், ரொம்ப நேரத்துக்கு அதை நம்ப முடியாது.

கெஞ்சிக் கேட்டுக்கொள்கிற ஒன்று: மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தான பியூட்டாக்ஸையோ அமிட்ராஸையோ துணியில் தெளித்துப் பிள்ளைக்குப் போட்டுவிடாதீர்கள். வெளிநாட்டில் பெர்மெத்ரின் ஊறிய உடை விற்கிறார்கள் என்று படித்துவிட்டு, பியூட்டாக்ஸும் அதே குடும்பத்து மருந்துதானே என்று சிலர் செய்கிறார்கள். உடைக்கென்று தயாரித்தது வேறு, மாட்டுத் தோலுக்கென்று எண்ணெயில் கரைத்தது வேறு.

வீட்டுக்கு வந்ததும் துணியை வாசலிலேயே கழற்றி வெந்நீரில் ஊறப்போடுங்கள். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் உண்ணி சாகாது. ஊறவைக்க முடியாவிட்டால் கருங்கல்லின் மேல் உச்சி வெயிலில் காயவையுங்கள், உலர்ந்த சூடு அதற்கு ஆகாது. குளிப்பாட்டும்போது காதுக்குப் பின்னால், பிடரி மயிர், அக்குள், தொப்புள், இடுப்பு, தொடை இடுக்கு, முழங்கால் மடிப்பு, கால்விரல் சந்து என்று விரலால் தடவிப் பாருங்கள். கண்ணை விட விரல் நுனிக்குச் சீக்கிரம் தட்டுப்படும். கடித்து எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கடைசியாக, தோட்டத்தில் உள்ளவர்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டியது. உண்ணி குறைய வேண்டும் என்றால் பிள்ளைக்குச் செய்வதை விட மாட்டுக்குச் செய்வதில்தான் பலன் அதிகம். காங்கேயம் மாட்டின் தோலில் உண்ணி அவ்வளவாகத் தங்காது, நாட்டு மாடுகளுக்கே உள்ள குணம் அது. பாலுக்காக வாங்கிக் கட்டுகிற ஜெர்சிக் கலப்பில்தான் காதுக்குள்ளும் மடிக்குப் பின்னாலும் கொத்துக் கொத்தாகப் பிடிக்கும், மாட்டுக்கும் அதனால் காய்ச்சல் வந்து சில நேரம் செத்தே போகும். மருந்து அடித்தால் ஒரு முறையோடு நிறுத்திவிடுகிறார்கள். மண்ணில் காத்திருக்கிற குஞ்சு திரும்ப ஏறும், ஆகவே மூன்று வாரம் கழித்து மறுபடி அடிக்க வேண்டும், மாட்டுக்கு மட்டுமல்லாமல் கட்டுத்தரைச் சுவருக்கும். ஒரே மருந்தை வருடக்கணக்கில் அடித்தால் உண்ணிக்கு அது பழகிவிடும், எப்போது மாற்றுவது என்று உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

மருந்து வேண்டாம் என்பவர்களுக்கு, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிற மூலிகை முறை உண்டு. பூண்டு 10 பல், வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், வேப்பிலை, வேப்பம்பழம், துளசி, உன்னிச்செடி இலை ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி. அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து வடிகட்டி, துணியில் நனைத்து மாட்டின் மேல் நல்ல வெயில் நேரத்தில் தடவ வேண்டும். என் அனுபவத்தில் உண்ணி குறைவாக இருக்கும்போது இது நன்றாகக் கேட்கிறது, பொதபொதவென்று பிடித்தபின் இதை மட்டும் நம்பினால் போதாது. உன்னிச்செடி மாட்டின் வயிற்றுக்குள் போனால் நஞ்சு, நக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கட்டுத்தரையில் நாட்டுக்கோழி மேயவிட்டால் கீழே விழுகிற உண்ணியைப் பொறுக்கித் தின்னும். சுவர் வெடிப்பைப் பூசி, சுண்ணாம்பு அடித்துவிட்டால் முட்டையிட இடம் குறையும்.

சாளையில் (தோட்டத்து வீட்டில்) நாய் இருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். கட்டிலுக்கு அடியில் படுக்கிற நாயிலிருந்துதான் வீட்டுக்குள் உண்ணி வருகிறது. நாய்க்குக் கழுத்தில் சொட்டுவிடுகிற மருந்தும் விழுங்கக் கொடுக்கிற மாத்திரையும் இப்போது கிடைக்கின்றன, எடை பார்த்துக் கொடுக்க வேண்டும். மாட்டுக்கு ஒரு நாள், நாய்க்கு இன்னொரு நாள் என்று பிரிக்காமல், மாடு, கட்டுத்தரை, நாய், நாய் படுக்கிற சாக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிட்டு, மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை செய்யச் சொல்லுங்கள்.